வெறும் சட்டி திரும்பாத வீடு

பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு கிண்ணம் கறி கொடுத்தால் அதோடு நம் நிம்மதி போய்விடும். இது தெரியாமல், கலியாணம் கட்டிக் கரம்பொனுக்கு வந்த புதிதில், முருங்கைக்காய்க் கறி கொஞ்சம் கூடிப்போயிற்றென்று வேலிக்கு மேலால் ஒரு கிண்ணத்தை நீட்டிவிட்டேன். பின்னேரமே கிண்ணம் திரும்பி வந்தது, உள்ளே கோழிமுட்டைகளோடு. எனக்கு வெட்கமாகப் போயிற்று. மறுநாள் றவை லட்டுப் பிடித்து அனுப்பினேன். அதற்கு வாழைப்பழம் வந்தது. வாழைப்பழத்துக்கு நான் பயற்றம் பணியாரம் சுட்டேன். பணியாரத்துக்கு அவர் ஒரு பூசணிக்காயைக் கிண்ணத்தின் மேல் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படலையில் வந்து நின்றார். கடைசியில் என் கணவர்தான் தலையிட்டார்.

“நீர் முதலிலை அந்தக் கிண்ணத்தை ஒளிச்சு வையும். இல்லாட்டில் ரெண்டு வீடும் வங்குரோத்தாப் போகும்.”

வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பது எங்கள் தீவுப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு துண்டுப் பனங்கட்டி, ஒரு எலுமிச்சங்காய், ஏதாவது வைத்துக் கொடுப்போம். மறந்துபோனாலும் யாரும் கோபிப்பதில்லை. அக்காவுக்கு மட்டும் அது வழக்கம் என்ற அளவில் நிற்கவில்லை. தன் வாசலுக்கு வந்த எவரும் வெறுங்கையோடு போனால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. மீன்காரன் போனாலும் ஒரு பிடி கறிவேப்பிலை. மின்சார மீற்றர் வாசிக்க வந்தவருக்கும் ஒரு தேசிக்காய். நான் பகிடி பண்ணுவேன், அவர் சிரித்துவிட்டு எனக்கும் எதையாவது தந்தனுப்புவார்.

நெட்டையான, மெலிந்த பெண். எதையும் வாங்குவதற்கு முதல் கையைச் சேலையில் துடைத்துக்கொள்வார். நீட்டுகிறவரின் முகத்தைப் பார்த்துச் சிரித்த பிறகுதான் பொருளைப் பார்ப்பார். புருசன் இல்லை. இடம்பெயர்ந்து அலைந்த காலத்தில் காய்ச்சலில் போனவர். பிள்ளைகளும் இல்லை. புளியங்கூடலில் கலியாணம் கட்டியிருந்த ஒரு தங்கச்சி மட்டும்தான் அவருக்கென்று மிஞ்சிய சொந்தம்.

நான் புளியங்கூடல் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு படிப்பிக்கிறேன். ஸ்கூட்டியில் போகும்போது அக்கா ஒரு அலுமினியத் தூக்குச்சட்டியைத் தந்துவிடுவார், தங்கச்சியிடம் கொடுக்கச் சொல்லி. அவர்களுடைய அம்மாவின் சட்டி அது. எந்த இடப்பெயர்விலும் கைவிடாமல் காவிக்கொண்டு திரிந்தது. மூடியில் ஒரு நெளிவு இருந்தது. போகும்போது அதற்குள் ஒடியல் பிட்டு இருக்கும், வரும்போது தங்கச்சியின் தோட்டத்துப் பச்சைமிளகாயோ சின்ன வெங்காயமோ இருக்கும். என் ஸ்கூட்டியின் கொழுவியில் அந்தச் சட்டி ஆடாத கிழமை இல்லை. சகோதரிகள் இருவரும் நேரில் சந்தித்தால் பெரிதாகக் கதைக்கமாட்டார்கள். அவர்களின் கதையெல்லாம் சட்டியில்தான் போய்வந்தது.

மீள்குடியேறி வந்த காலத்தில் வெளிநாட்டு நிறுவனங்களின் வெள்ளை வாகனங்கள் எங்கள் ஒழுங்கைக்குள் அடிக்கடி வரும். புருசன் இல்லாத, தனித்து வாழும் பெண் என்பதால் அக்காவின் பெயர் எல்லாத் திட்டத்திலும் இருக்கும். தறப்பாள் வந்தது, வாளி வந்தது, மண்வெட்டி வந்தது. ஒவ்வொன்றும் வந்த அன்றைக்கு அக்கா பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். சாமான் இறக்கிய பொடியங்கள் வாகனத்தைத் திருப்புவதற்குள் கொல்லைக்கு ஓடி எதையாவது பிடுங்கிக்கொண்டு வருவார். ஒருமுறை வாகனம் புறப்பட்டுவிட்டது. இவர் கையில் கத்தரிக்காயோடு பின்னால் ஓடினார். சாரதி பயந்துபோய், யாரோ அடிபட்டுவிட்டார்களென்று நினைத்து நிறுத்தினார்.

ஏன் இப்படிப் பாடுபடுகிறீர்கள் என்று ஒருநாள் கொஞ்சம் சினத்தோடேயே கேட்டேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் சுளகை மடியில் வைத்துவிட்டுச் சொன்னார்.

“முகாமிலை இருந்தனாங்கள் பிள்ளை. ஒவ்வொரு நாளும் வரிசையிலை நிண்டு வெறும் கோப்பையை நீட்டினனான். அவையள் சோத்தைப் போடுவினம். அடுத்த நாளும் வெறுங்கோப்பை. அதுக்குள்ளை ஒரு வெங்காயம் வைச்சு நீட்டக்கூட வழியில்லை. பசியை விட அது பெரிய கரைச்சலாக் கிடந்தது.”

அதற்குப் பிறகு நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

கோழித் திட்டத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. வெள்ளை வெளேரென்று ஏதோ நாட்டுக் கோழிகள். எங்கள் வெயிலுக்கும் தீனிக்கும் அவை தாக்குப்பிடிக்கவில்லை, ஒன்றன்பின் ஒன்றாகச் சுருண்டு செத்தன. பிறகு படம் எடுக்க வருகிறோம் என்று தகவல் வந்தது. அக்கா ஒழுங்கை முழுதும் நடந்து, வீடு வீடாகக் கோழிகளை இரவல் வாங்கினார். சிவப்பு, கறுப்பு, புள்ளி, கழுத்தில் இறகில்லாதது, எல்லாம் வந்தன. வந்தவர்கள் ஒரு வார்த்தை கேட்காமல் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். படத்தில் அக்காவின் மடியில் நிற்பது எங்கள் வீட்டுச் சேவல்.

“பொய்தானே அக்கா?” என்றேன்.

“கோழி செத்துப்போச்செண்டு சொன்னால் அந்தப் பிள்ளையளின்ரை முகம் என்னமாதிரிப் போகும்? ஆசையா எல்லோ தந்ததுகள்” என்றார்.

எல்லாமே வீணென்று நான் சொல்லவில்லை. கனடாவிலிருந்து என் அண்ணன் தொலைபேசியில் வரும்போதெல்லாம் அப்படித்தான் சொல்லுவான். வெளிநாட்டு உதவி என்றால் வந்தவன் சம்பளம் எடுக்கிறதுக்குத்தான் என்பான். அவனுக்கு நான் அக்கா வீட்டு மழைநீர்த் தாங்கியைப் பற்றிச் சொல்வேன். அதுவும் ஒரு நிறுவனம் கட்டித் தந்ததுதான். கூரைத் தண்ணீர் பீலியால் இறங்கிச் சீமெந்துத் தாங்கியில் சேரும். மாரி முழுக்க நிறைந்து, மழை நின்ற பிறகும் மாதக்கணக்கில் குடிக்கத் தண்ணீர் கிடைக்கும். எங்கள் ஒழுங்கையில் நாலைந்து வீடுகள் அதைக் குடித்திருக்கின்றன. நானும் குடித்திருக்கிறேன். அந்தத் தாங்கியைக் கட்டியவர்களை நான் வாழ்த்தாத கோடை இல்லை.

பிறகு கிணறு வந்தது.

ஒரு பெரிய வறட்சி. அக்கா வளவுக் கிணற்றில்தான் ஒழுங்கையே தண்ணீர் அள்ளுவது. வாளி அடியில் முட்டிச் சேறு வந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு நிறுவனம் கூட்டம் வைத்து என்ன வேண்டும் என்று கேட்டது. கிணற்றை ஆழமாக்கித் தாங்கோ, மோட்டர் தாங்கோ என்று எல்லோருமாகச் சேர்ந்துதான் கேட்டோம். எங்கள் மண்ணில் மேலே இருப்பது நல்ல தண்ணீர், கீழே இருப்பது கடல். இது எங்களுக்கும் தெரியும், வந்த பொறியியலாளருக்கும் தெரியும். அவர் தலையைச் சொறிந்து யோசித்தார். தாகம் இருக்கும்போது யார் யோசிக்கிறார்கள்? நாங்கள் கேட்டதை அவர்கள் தந்தார்கள். முதல் மாரியில் தண்ணீர் நிறைந்து நின்றது. மோட்டர்ச் சுவிச்சை அமத்தினால் தண்ணீர் குழாயில் வந்து விழுந்தது. அக்கா வந்தவர்களுக்கெல்லாம் இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

அடுத்த கோடையில் தேத்தண்ணீர் கரிக்கத் தொடங்கியது. பருப்பு அவியவில்லை. சவுக்காரம் நுரைக்கவில்லை. அதற்கடுத்த கோடையில் அதை வாயில் வைக்க ஏலாது. குடிக்கிறதுக்குத் தாங்கித் தண்ணீர் என்றும், மற்ற எல்லாவற்றுக்கும் கிணற்றின் உப்புச் சவர்த் தண்ணீர் என்றும் ஆகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் திட்டம் பயன்பட்டதா என்று பார்க்க ஒரு வெளிநாட்டுப் பெண் வந்தாள். இளம்பிள்ளை, வெயிலில் முகம் சிவந்து வெந்துபோயிருந்தது. மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். நிறுவனத்தின் உத்தியோகத்தர், எங்கள் ஊர்ப்பக்கத்துத் தம்பிதான், கைபேசியில் வீடியோ பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா அவளைக் கதிரையில் இருத்தி, பனையோலை விசிறியைக் கையில் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போனார். போகும்போது அவர் கேத்திலைக் கொண்டுபோனது கிணற்றடிக்கல்ல, தாங்கியடிக்கு. தாங்கி அடித்தண்ணீருக்கு வந்திருந்த மாதம் அது. குழாயில் வராது, மூடியைத் திறந்து கயிறு கட்டித்தான் அள்ள வேண்டும். தனக்குக் குடிக்கவென்று பொத்திப் பொத்தி வைத்திருந்ததில்தான் அந்தத் தேத்தண்ணீர் ஊறியது.

அவள் குடித்துவிட்டு, நன்றாயிருக்கிறது என்று சொன்னாள். பிறகு கேட்டாள், கிணறு உங்களுக்கு உதவியாக இருக்கிறதா?

நான் கேள்வியைத் தமிழில் சொல்லிவிட்டு, “அக்கா, உள்ளதைச் சொல்லுங்கோ. கிணத்தைப் பற்றிச் சொல்லுங்கோ” என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துச் சிரித்தார். “நல்ல தண்ணி பிள்ளை. அமிர்தம் மாதிரி. நீங்கள் செய்த புண்ணியம்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பித் தணிந்த குரலில், “நீர் சும்மா இரும். அந்தப் பிள்ளை கடல் தாண்டி எங்களைத் தேடி வந்திருக்குது. அதை என்னண்டு வெறுங்கையோடை அனுப்புறது?” என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாகனத்தடிக்குப் போய் அந்தப் பெண்ணிடம் உள்ளதைச் சொன்னேன், கிணறு உப்பாகிப்போயிற்று என்று. அவள் மரியாதையாகத்தான் கேட்டாள். கேட்டுவிட்டு, “அவரே நன்றாயிருக்கிறது என்கிறாரே. நானும் குடித்துப் பார்த்தேனே” என்றாள். கூட நின்ற தம்பி கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டார். அவள் கையில் அக்கா கொடுத்த, பனையோலையில் பின்னிய பனங்கட்டிக் குட்டான் இருந்தது.

அந்தச் சிரிப்பும் அந்தச் சொல்லும் அடுத்து எங்கே போகுமென்று அக்காவுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அது புளியங்கூடலுக்குப் போயிற்று.

கரம்பொனில் வெற்றி என்பதால் அதே திட்டத்தைப் புளியங்கூடல் தோட்டக் கிணறுகளுக்கும் கொடுக்க முடிவாகியிருந்தது. கூட்டம் வைத்தார்கள். தங்கச்சி எழும்பிச் சொல்லியிருக்கிறார், வேண்டாம், என்ரை அக்காவின்ரை கிணறு இப்பிடித்தான் பழுதாப்போனது என்று. அந்தத் தம்பி கைபேசியைத் தூக்கிக் காட்டினாராம். எல்லோருக்கும் முன்னால் அக்காவின் முகம், அக்காவின் குரல். நல்ல தண்ணி, அமிர்தம் மாதிரி. சனம் சிரித்திருக்கிறது. அக்கா நல்லாயிருக்கிறது பொறுக்காமல் கதைக்கிறாள் என்று யாரோ சொல்லியும்விட்டார்கள். தங்கச்சியின் புருசன் அவரைக் கையில் பிடித்து இருத்தினாராம். பங்குக் கிணறு அது, ஒரு வீட்டின் விருப்பத்தில் நிற்பதில்லை. ஆழமாக வெட்டினார்கள்.

தோட்டக் கிணறு கெட ஒரு போகம் போதும். நாளெல்லாம் மோட்டர் ஓடும். அந்த வருசம் நான் பள்ளிக்கூடம் போகும் வழியில் தங்கச்சியின் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே போவேன். மிளகாய்க் கண்டுகளின் இலை ஓரம் கருகிக்கொண்டு வந்தது. வெங்காயம் முளைத்து மஞ்சளாகப் படுத்தது. பிறகு நிலத்தில் வெள்ளையாக உப்புப் படிந்தது. அவர்களுக்கு வேறு வருமானம் இல்லை, வெளிநாட்டில் பிள்ளைகளும் இல்லை. புருசன் யாழ்ப்பாணத்தில் ஒரு கடைக்குக் காவல் வேலைக்குப் போகத் தொடங்கினார்.

அக்காவுக்கு நான் சொல்லவில்லை. சட்டி சொல்லிற்று.

ஒருநாள் வழக்கம்போலப் பிட்டுச் சட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பள்ளிக்கூடம் விட்டுத் திரும்பும்போது தங்கச்சி அதைக் கழுவித் துடைத்து, மூடி போட்டு வைத்திருந்தார். கையில் வாங்கியதும் பாரம் இல்லை.

“ஒண்டும் வைக்கேல்லையோ?” என்று கேட்டுவிட்டேன். வாய் தவறித்தான்.

“வைக்க என்ன கிடக்கு ரீச்சர்? தோட்டத்தைப் பாருங்கோ. அமிர்தம் குடிச்சு நிக்கிற கண்டுகளைப் பாருங்கோ. அக்காட்டைச் சொல்லுங்கோ, அவவின்ரை நல்ல மனசுக்கு நாங்கள்தான் விலை எண்டு.”

அந்தச் சொல்லை நான் கொண்டுபோகவில்லை, சட்டியை மட்டும் கொண்டுபோனேன். அக்கா கையைச் சேலையில் துடைத்து, என் முகத்தைப் பார்த்துச் சிரித்து வாங்கினார். மூடியைத் திறந்தார். உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தார், கண்ணுக்குத் தெரியாமல் அடியில் எதுவும் கிடக்கிறதோ என்பதுபோல. பிறகு குசினிக்குள் போனவர் வெளியே வரவில்லை. நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது.

விசயம் அவருக்குப் பிறகு ஊர்வாயால் தெரியவந்தது. புளியங்கூடலுக்கு பஸ் ஏறிப் போனார். தங்கச்சி கதவைத் திறந்து, கதிரை போட்டு, தேத்தண்ணீர் கொடுத்தாராம். ஒரு சொல் கதைக்கவில்லையாம். “சவர்த் தேத்தண்ணி பிள்ளை. முழுக்கக் குடிச்சிட்டு வந்தனான்” என்று அக்கா என்னிடம் சொன்னார்.

அதற்குப் பிறகும் அவர் சட்டி அனுப்புவதை நிறுத்தவில்லை. அது வெறுமையாகத் திரும்பி வருவதும் நிற்கவில்லை. நடுவில் நான்தான் கிடந்து வெந்தேன். ஒருமுறை வழியில் நிறுத்தி, கடையில் ஒரு இறாத்தல் பாண் வாங்கி உள்ளே வைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அக்கா கண்டுபிடித்துவிடுவார் என்று வைக்கவில்லை.

இன்னொரு வெள்ளை வாகனம் வந்தது. இந்தத் தடவை ஒரு வயதான மனிதரும் அதே தம்பியும். கரம்பொன் கிணறு நல்ல உதாரணம் என்று காட்டிக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். நான் மொழிபெயர்க்கப் போனேன். அக்கா அவர்களை இருத்தினார், விசிறி கொடுத்தார். கேத்தில் எடுக்கவில்லை. கிணற்றடிக்குப் போய் ஒரு பேணி தண்ணீர் கொண்டுவந்து அந்த மனிதரிடம் இரண்டு கையாலும் நீட்டினார். அவர் ஒரு வாய் குடித்தார். முகம் சுளித்துப்போயிற்று. துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் இருந்தார்.

“இதுதான் கிணத்துத் தண்ணி எண்டு சொல்லும் பிள்ளை” என்றார் அக்கா என்னிடம். “முதல் வந்த பிள்ளைக்குக் குடுத்தது தாங்கித் தண்ணி எண்டும் சொல்லும். புளியங்கூடலிலை என்ரை தங்கச்சியின்ரை தோட்டம் என்ரை வாயாலைதான் கருகினது எண்டும் சொல்லும்.”

நான் ஒன்றுவிடாமல் சொன்னேன். அந்த மனிதர் எழும்பி நின்று, மன்னிக்க வேண்டும் என்றார். நல்ல மனிதர்தான் போலிருந்தது. தம்பி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர்கள் போகும்போது அக்காவின் கையில் ஒன்றும் இருக்கவில்லை. வாகனம் திரும்பியதும் படலையைப் பிடித்துக்கொண்டார்.

“என்ரை வீட்டுக்கு வந்த ஒரு ஆள் முகம் சுளிச்சுப் போனது இண்டைக்குத்தான் பிள்ளை” என்று சொல்லி அழுதார்.

அதை நான் மறுநாளே தங்கச்சியிடம் போய்ச் சொன்னேன், நடந்தது நடந்தபடி. அவர் கருகிய கண்டுகளைப் பிடுங்கிக் குவித்துக்கொண்டிருந்தார். நிமிராமலே, “பிந்திப்போச்சு ரீச்சர்” என்றார். பிறகு அந்த நிறுவனம் எங்கள் பக்கம் வரவில்லை. கெட்ட கிணற்றை நல்லதாக்க அவர்களிடமும் வழி இருந்திராது. உதவி பயன்படுகிறதா இல்லையா என்று அண்ணன் இப்போதும் கேட்கிறான். தாங்கி இருக்கிறது, கிணறு போய்விட்டது என்கிறேன். அதைத்தான் என்னால் சொல்ல ஏலும்.

அக்கா மாரி தொடங்குவதற்கு முதல் போய்ச் சேர்ந்தார். நெஞ்சு நோகுது என்று படுத்தவர் எழும்பவில்லை. அந்தக் கிழமையும் சட்டி புளியங்கூடலுக்குப் போயிருந்தது. கீரைப்பிட்டு. அது திரும்பி வருவதற்குள் இவர் போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில் செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. சொந்தக்காரரும் அயலவருமாகச் சமைத்துக் கொண்டுவருவோம். தங்கச்சி பஸ்ஸால் இறங்கி வந்தபோது கையில் அந்தத் தூக்குச்சட்டி இருந்தது. மூடியின் இடுக்கால் ஆவி வந்தது. என்னிடம் நீட்டி, “பவுசரிலை கொண்டுவந்த தண்ணியிலை காய்ச்சின சோறு ரீச்சர். சவர் இல்லை” என்றார். பிறகு உள்ளே போய் அக்காவின் கால்மாட்டில் இருந்தார். சுற்றியிருந்தவர்கள் ஒப்பாரி வைத்து அழுதார்கள், அவர் அழவில்லை.

எல்லாம் முடிந்து, சனம் கலைந்த பிறகு நான் கிணற்றடியில் இருந்து பாத்திரங்களைக் கழுவினேன். செத்தவீட்டுக்கு வந்த பாத்திரத்தை வெறுமையாகத்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். அங்கிருந்து எதையும் வைத்தனுப்பக்கூடாது. புறப்படுகிறவர்களும் போயிட்டு வாறன் என்று சொல்லக்கூடாது. தூக்குச்சட்டியைத் துடைத்து, மூடி போட்டுத் தங்கச்சியிடம் கொடுத்தேன்.

அவர் அதைக் கையில் வாங்கி, பாரம் பார்த்தார்.

“ஒண்டும் வைக்கேல்லையோ ரீச்சர்?”

“செத்தவீட்டிலை வைக்கக்கூடாதெல்லோ” என்றேன்.

“ஓம்” என்றார். “தெரியும்.”

படலைவரை போனார். கடைசி பஸ் வரும் நேரம். மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தார். மூடினார். போக ஏலாமல் நின்று, மறுபடியும் திறந்தார்.